நன்றிக்கடனாகக் கொடுத்த கதிரை

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள கிறீன் பே என்ற சிறு நகரம் தனக்குத்தானே ஒரு நத்தார் பரிசை வழங்கிக்கொண்டது. அந்த நகரத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியான கிறீன் பே பக்கர்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவும் பொது முகாமையாளராகவும் பார்ட் ஸ்டார் நியமிக்கப்பட்டார். அன்று அவருக்கு வயது 40. அந்த அணிக்காகப் பதினாறு பருவகாலங்கள் விளையாடி, ஐந்து தடவைகள் தேசிய சம்பியன் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவர் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1983 டிசெம்பர் 19ஆம் திகதி, மற்றொரு நத்தாருக்கு ஆறு நாட்கள் இருக்கையில், அதே கழகம் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது.

பார்ட் ஸ்டாரின் விளையாட்டு வாழ்வைப் பற்றி அமெரிக்கர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். 2019 மே 26ஆம் திகதி தனது 85ஆவது வயதில் அவர் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் வெற்றிகளே நிறைந்திருந்தன. பயிற்றுவிப்பாளராக இருந்த ஒன்பது ஆண்டுகளை அவை ஓரிரு வசனங்களில் கடந்து சென்றன. இறந்தவரைப் பற்றி எழுதும்போது அது நாகரிகமே. ஆனால், அந்த ஒன்பது ஆண்டுகள்தான் என்னை நெடுநாளாகச் சிந்திக்க வைத்தவை என்பதால் அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

அதற்கு முதல் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவை. வட அமெரிக்காவில் வாழும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. அவர்களின் பெற்றோருக்கே தேவை. பெயர் உதைபந்தாட்டம் என்றாலும், பந்தைப் பெரும்பாலும் கையில்தான் வைத்திருக்கிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். யார் என்பது புடவைக் கடையில் நாம் துணி அளந்து வாங்கிய அதே மூன்றடி அளவுதான். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேரும் கை குவாட்டர்பக் என்ற ஆட்டக்காரருடையது. எறிவதா, பக்கத்தில் ஓடி வருபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை மூன்று நான்கு வினாடிகளுக்குள் அவர் செய்து முடிக்க வேண்டும். இன்று பயிற்றுவிப்பாளர்கள் தலைக்கவசத்துக்குள் பொருத்தப்பட்ட வானொலி மூலம் அவருக்குக் கட்டளை கொடுக்கிறார்கள். ஸ்டாரின் காலத்தில் அடுத்த முயற்சி என்ன என்பதைப் பெரும்பாலும் குவாட்டர்பக்கே மைதானத்தில் நின்று தீர்மானித்தார். ஆகவே அவரை அணியின் மூளை என்று சொல்வது வழக்கம். இந்த வழக்கமான சொற்றொடரே பின்னால் பலரை ஏமாற்றியது என்பது எனது அபிப்பிராயம்.

ஸ்டார் 1934 ஜனவரி 9ஆம் திகதி அலபாமா மாநிலத்தின் மொன்கோமரி நகரில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்திலும் பின்னர் விமானப் படையிலும் பணிபுரிந்த கண்டிப்பான மனிதர். ஸ்டாருக்கு ஓர் இளைய சகோதரன் இருந்தான். துடியாட்டமான பிள்ளை; தந்தையின் நம்பிக்கை முழுவதும் அவன் மீதுதான். அவன் சிறுவயதிலேயே ஏற்புவலி நோயினால் இறந்துபோனான். எஞ்சியிருந்த அமைதியான மூத்த மகன் தம்பியின் இடத்தை நிரப்பப் போதாதவன் என்ற எண்ணத்தைத் தந்தை மறைத்துக்கொள்ளவில்லை. கட்டளையிடும் ஒரு பெரிய மனிதரின் முன்னால் தன்னை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலை ஸ்டாருக்கு வீட்டிலேயே ஆரம்பமாகிவிட்டது.

அலபாமா பல்கலைக்கழகத்தில் அவருக்கு முதுகில் காயம் ஏற்பட்டது. கடைசி இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ வீணாகிப்போயின. பந்தை உதைத்துப் பயிற்சி செய்தபோது ஏற்பட்ட காயம் என்றே பல தசாப்தங்களாகச் சொல்லப்பட்டுவந்தது. 2016இல்தான் அவரது மனைவி செரி உண்மையை வெளிப்படுத்தினார்: பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களின் சங்கமொன்றில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கில் விழுந்த அடிகளே அதற்குக் காரணம். நமது பல்கலைக்கழகங்களில் பகிடிவதை என்று எதைச் சொல்கிறோமோ அதேதான். தன்னை அடித்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல் அறுபது ஆண்டுகள் ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார். இதைப் பண்பு என்பதா பலவீனம் என்பதா என்று எனக்கு இன்னமும் தெளிவில்லை.

காயம்பட்ட அவரை 1956ஆம் ஆண்டின் புதுமுக வீரர் தெரிவில் பதினேழாவது சுற்றில், இருநூறாவது ஆளாக, பக்கர்ஸ் அணி எடுத்தது. இருநூறாவது ஆள் என்றால், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று பொருள். 1958இல் அந்த அணி விளையாடிய பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவிப்பாளராக வந்து சேர்ந்தார்.

லொம்பார்டியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நியூயோர்க் நகரத்து இறைச்சி வியாபாரி ஒருவரின் மகன். பாடசாலை ஆசிரியராக இருந்தவர். தேசிய உதைபந்தாட்ட லீக்கில் ஓர் ஆட்டமேனும் விளையாடாதவர். இந்தக் கடைசித் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை ஸ்டார் எறிந்த பந்தை எதிரே நின்றவர் பிடித்துவிட்டார். லொம்பார்டி அணியினர் அனைவரின் முன்னிலையிலும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். பயிற்சி முடிந்ததும் ஸ்டார் அவரது அறைக்குச் சென்றார். நீங்கள் என்னைக் கண்டிப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் நான் வழிநடத்த வேண்டிய ஆட்களுக்கு முன்னால் என்னைத் தாழ்த்திவிட்டு அவர்களை நான் எப்படி வழிநடத்துவது என்று கேட்டார். அதன் பின்னர் லொம்பார்டி மற்றவர்களின் முன்னிலையில் ஸ்டாரை ஒருபோதும் ஏசியதில்லை. கோபத்துக்குப் பெயர்போன ஒருவரைத் தனியறையில், குரலை உயர்த்தாமல் மாற்றிக்காட்டிய அந்த இளைஞனிடம் தலைமைத்துவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

1961இலிருந்து 1967 வரையிலான ஏழு பருவகாலங்களில் ஐந்து சம்பியன் பட்டங்கள். அவற்றுள் கடைசி மூன்றும் தொடர்ச்சியானவை. முதலாவது, இரண்டாவது சுப்பர் போல் ஆட்டங்கள் இரண்டிலும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்டாருக்கே கிடைத்தது. இறுதிக்கட்ட ஆட்டங்களில் அவரது தலைமையில் பத்தில் ஒன்பது வெற்றி. அந்த ஒரேயொரு தோல்வி 1960 டிசெம்பர் 26இல் பிலடெல்பியா ஈகிள்ஸிடம். அன்று எதிரணியின் குவாட்டர்பக்காக இருந்தவர் நோம் வான் புறொக்ளின். அவரைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர்கள் ஐஸ் போல் என்று அழைக்கும் ஆட்டத்தைச் சொல்லாமல் ஸ்டாரைச் சொல்ல முடியாது. 1967 டிசெம்பர் 31, கிறீன் பே நகரின் லம்போ மைதானம். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸ். மைதானத்தின் அடியில் புதைக்கப்பட்டிருந்த வெப்பமூட்டும் மின்கம்பிகள் செயலிழந்து புல்தரை பனிக்கட்டியாக இறுகிப்போனது. நடுவர்களின் விசில்கள் உறைந்துபோனதால் கையசைத்தும் கத்தியும் ஆட்டத்தை நடத்தினார்கள். டலஸ் கவ்போய்ஸ் அணி 17-14 என்று முன்னணியில் இருக்க, ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் 68 யார் தூரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ஸ்டார் அணியைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கோட்டுக்கு ஒரு யாருக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே இரண்டு முயற்சிகளில் பந்தை எடுத்து ஓடியவர் வழுக்கினார். எஞ்சியிருந்தவை 16 வினாடிகள். கடைசி நேர இடைநிறுத்தத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டார் பக்கக் கோட்டுக்குச் சென்று, மற்றவர்களுக்குக் கால் பிடிக்கவில்லை, நான் நிற்கும் இடத்திலிருந்து நேரே நுழைய முடியும் என்றார். அப்படியானால் நுழை, இந்தக் குளிரிலிருந்து போய்த் தொலைவோம் என்ற பாணியில் லொம்பார்டி பதில் சொன்னார். திரும்பி வந்த ஸ்டார் பந்தை இன்னொருவர் சுமக்கும் ஆட்ட முறையின் பெயரைத்தான் சகாக்களிடம் சொன்னார். பந்தைத் தானே வைத்துக்கொள்ளப்போவதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜெரி கிறேமரும் கென் போமனும் எதிரியைத் தள்ளித் திறந்த இடைவெளியில் விழுந்தார். 21-17.

அந்த 16 வினாடிகளில் அவர் செய்தவற்றைக் கவனியுங்கள். காலடியில் இருந்த தரையை அறிந்தார். நேரத்தை அறிந்தார். கையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு இடைநிறுத்தத்தைச் சரியான கணத்தில் செலவிட்டார். தன்னையே நம்பினார். இவை எல்லாம் அவரது கையும் காலும் கண்ணும் அறிந்தவை. இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடியவையா என்பதே கேள்வி.

லொம்பார்டி அந்தப் பருவகாலத்துடன் பக்கர்ஸ் பயிற்றுவிப்பாளர் பதவியை விட்டார். 1970 செப்டெம்பரில் புற்றுநோயால் இறந்தார். ஸ்டாரின் எறியும் கை பழுதாகி, அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் தேறாமல் போக, 1972இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். அந்த ஆண்டு மட்டும் குவாட்டர்பக்குகளுக்கான உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அணி அப்பருவகாலத்தில் பத்து ஆட்டங்களை வென்றது. பயிற்றுவிப்புத் துறையில் அவருக்கிருந்த அனுபவம் இந்த ஓராண்டு மாத்திரமே. இரண்டு ஆண்டுகள் கழித்து முழு அணியும், வீரர்களைத் தெரிவு செய்யும் அதிகாரமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஏன் ஒப்படைத்தார்கள் என்பதை விளங்கிக்கொள்வதற்குக் கிறீன் பேயை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனைய அணிகளுக்குக் கோடீஸ்வர முதலாளிகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழும் இந்த நகரத்து அணிக்கு முதலாளி இல்லை. 1923இலிருந்து பொதுமக்கள் வாங்கிய பங்குகளால் நடத்தப்படும் கழகம் அது. இன்று பங்குதாரர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இலாபப் பங்கு கிடையாது; பெருமை மட்டும்தான். அப்படிப்பட்ட கழகத்தில் இலாப நட்டக் கணக்குப் பார்க்கும் ஒருவர் எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கும், ஊர் மக்களின் பாசம் எடுத்த முடிவுக்கும் வேறுபாடு இருந்ததில் ஆச்சரியமில்லை. ஊர் ஸ்டாருக்குக் கடன்பட்டிருந்தது. கடனைப் பதவியாகத் திருப்பிக் கொடுத்தது. ஸ்டாரும் மறுக்கவில்லை. அழைத்தால் போவது அவரது சுபாவம். பதவியேற்ற நாளில் மக்களிடம் அவர் கேட்டது பிரார்த்தனையும் பொறுமையும். இரண்டையும் அவர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள்.

அவருக்காகப் பேசுபவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது அவர் பொறுப்பேற்றபோது இருந்த நிலைமையை. அது நியாயமான வாதமே. அவருக்கு முன்னிருந்த டான் டிவைன் 1974 பருவகாலத்தின் நடுவில் ஜோன் ஹட்ல் என்ற 34 வயதுக் குவாட்டர்பக்கை வாங்குவதற்காக, அடுத்த இரு ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுகள் இரண்டு, இரண்டாம் சுற்றுத் தெரிவுகள் இரண்டு, மூன்றாம் சுற்றுத் தெரிவு ஒன்று என ஐந்து உரிமைகளை லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸ் அணிக்குத் தாரைவார்த்துவிட்டுச் சென்றிருந்தார். விதைநெல்லை விற்றுக் கிழட்டு மாடு வாங்கிய கதைதான். 1975இல் ஹட்ல் எறிந்த பந்துகளில் 21ஐ எதிரணியினர் பிடித்தனர். அப்பருவகாலத்தில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி.

ஆனால், விதைநெல் இல்லாத காரணம் எத்தனை போகங்களுக்குச் செல்லுபடியாகும்? 1976இல் ஐந்து வெற்றி, 1977இல் மீண்டும் நான்கு. 1978இல் எட்டு வெற்றிகளுடன் தலை தூக்கிய அணி, அடுத்த ஆண்டு ஐந்துக்கு இறங்கியது. 1980 டிசெம்பர் 7இல் சிக்காகோ பெயார்ஸ் அணியிடம் 61-7 என்ற படுதோல்வி. அந்தப் பருவகாலம் முடிந்ததும் பொது முகாமையாளர் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், பயிற்றுவிப்பாளராக வைத்துக்கொண்டார்கள். வீரர் தெரிவிலும் தவறுகள். 1979இல் ஜோ மொன்டானாவைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தும் விட்டுவிட்டார்கள். 1981இல் ஆறாவது தெரிவாக றிச் கம்பெல் என்ற குவாட்டர்பக்கை எடுத்தார்கள்; அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கி விளையாடவில்லை. அதற்கு இரண்டு இடங்கள் தள்ளி சான் பிரான்சிஸ்கோ எடுத்த றொனி லொட் பின்னர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஒரு குவாட்டர்பக்கின் தரத்தைக் கண்டறிவதில் பார்ட் ஸ்டாரையே தவறவிட்ட ஆட்டம் இது என்று சொல்லி ஆறுதலடையலாம். இருநூறாவது ஆள் அல்லவா அவர். ஜேம்ஸ் லொவ்டன் போன்ற நல்ல தெரிவுகளும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

1982இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய பருவகாலத்தில் ஒருமுறை இறுதிக்கட்டத்துக்குச் சென்று, சென் லூயிஸ் கார்டினல்ஸை 41-16 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் டலஸிடம் தோற்றார்கள். ஒன்பது ஆண்டுகளில் அந்த ஒரு தடவைதான்.

1983 விசித்திரமான ஆண்டு. அந்த அணி 429 புள்ளிகள் பெற்று 439 புள்ளிகள் கொடுத்தது. ஒக்டோபர் 17ஆம் திகதி திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் அப்போதைய சம்பியனான வொஷிங்டனை 48-47 என்று வென்றது. ஒருபுறம் கொட்டித் தீர்த்தார்கள், மறுபுறம் ஒழுகவிட்டார்கள். கடைசி ஆட்டம் டிசெம்பர் 18இல் சிக்காகோவில். வென்றால் இறுதிக்கட்டம். மூன்று நிமிடங்களளவில் இருக்கும்போது கிறீன் பே 21-20 என்று முன்னணியில் இருந்தது. சிக்காகோ பந்தை மெல்ல மெல்லக் கிறீன் பேயின் கோட்டுக்கு அருகில் கொண்டுவந்தது. ஒரு சிறு உதையில் மூன்று புள்ளிகள் பெற்றுவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் பயிற்றுவிப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். தன்னிடமுள்ள இடைநிறுத்தங்களை எடுத்துக் கடிகாரத்தை நிறுத்தி, அவர்கள் உதைத்த பின்னர் தனது அணிக்குப் பதிலடி கொடுக்க ஒரு நிமிடமாவது மீதம் வைத்திருக்க வேண்டும். ஸ்டார் கடிகாரத்தை ஓடவிட்டார். பொப் தோமஸ் உதைத்தபோது மிஞ்சியது 10 வினாடிகள். 23-21. மறுநாள் காலை பதவி போயிற்று.

16 வினாடிகளின் பெறுமதியை உலகில் எவரையும் விட நன்கு அறிந்திருந்த மனிதர், பக்கக் கோட்டில் நின்று நேரம் ஒழுகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் முதன்முதலில் வாசித்தபோது நம்பமுடியவில்லை. பின்னர் ஏன் என்று யோசித்தபோது எனது சொந்த அனுபவமே பதிலைத் தந்தது.

எனது முப்பதுகளில், நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் என்னைச் செய்தி ஆசிரியர் கதிரையில் அமர்த்தினார்கள். அதுவும் நன்றிக்கடன்தான். நெருக்கடியான காலத்தில் வெளியே சென்று செய்தி கொண்டுவந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை. இளம் நிருபர்கள் கொண்டுவரும் செய்தியில் எது பிழை என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஏன் பிழை என்று சொல்லத் தெரியாது. அதனால் நானே திருப்பி எழுதிவிடுவேன். நள்ளிரவு வரை இருந்து எல்லோருடைய செய்திகளையும் எழுதினேன். பத்திரிகை ஓரளவு நன்றாகவே வந்தது. நிருபர்கள் ஒருவரும் வளரவில்லை. ஒருநாள் பெரிய செய்தியொன்று வந்துசேர்ந்தபோது யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டிய நான், நான் போனால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மற்றப் பத்திரிகை அடுத்த நாள் அதைத் தலைப்பாகப் போட்டது. இரண்டு வருடங்களில் நானே கேட்டு அந்தக் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். ஸ்டார் ஒன்பது வருடங்கள் இருந்தார் என்பதில் அவரது பிடிவாதத்தையும் அந்த ஊரின் பாசத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

பந்து தன் கையில் இல்லாதபோது என்ன செய்வது என்பது வேறொரு தொழில். அதை அறிந்தவர்கள் பெரும்பாலும் பந்து கைக்கு வராமலேயே காத்திருந்தவர்கள். வரலாற்றைப் பாருங்கள். கிளீவ்லன்ட் பிறவுன்ஸின் ஒட்டோ கிறேம் விளையாடிய பத்துப் பருவகாலங்களிலும் இறுதியாட்டத்துக்குச் சென்று ஏழில் வென்றவர். வொஷிங்டனின் பயிற்றுவிப்பாளராக மூன்று ஆண்டுகளில் 17 வெற்றி, 22 தோல்வி. நான் மேலே குறிப்பிட்ட வான் புறொக்ளின், ஸ்டாரைத் தோற்கடித்த கையோடு மினசோட்டாவின் பயிற்றுவிப்பாளரானார். அங்கும் பின்னர் அட்லாண்டாவிலும் சேர்த்து 66 வெற்றி, 100 தோல்வி. பொப் வோட்டர்பீல்ட் றாம்ஸ் அணிக்கு 9 வெற்றி, 24 தோல்வி. ஆட்டக்காரராகப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற எந்தக் குவாட்டர்பக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளராகச் சுப்பர் போல் வென்றதில்லை.

மறுபக்கத்தில், டென்வரில் ஒன்பது ஆண்டுகள் ஜோன் எல்வேக்குப் பதிலாளாக வாங்கில் இருந்த கரி குபியாக், அதே அணியின் பயிற்றுவிப்பாளராக 2016 பெப்ரவரியில் சுப்பர் போல் வென்றார். கிறீன் பேயிலேயே பிரெட் பாவ்ருக்குப் பின்னால் காத்திருந்த டக் பீடர்சன், 2018 பெப்ரவரியில் பிலடெல்பியாவுக்கு முதலாவது சுப்பர் போல் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். இரண்டு தடவைகள் வென்ற டொம் புளோரஸ் நல்ல ஆட்டக்காரர்; நட்சத்திரம் அல்ல; தனது கடைசி ஆண்டுகளில் லென் டோசனுக்குப் பதிலாளாக இருந்தவர். வாங்கில் இருப்பவருக்கு முழு மைதானமும் தெரிகிறது. தன்னால் செய்ய முடியாததை இன்னொருவர் செய்வதைப் பார்த்து, அது எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு நாளும் தன்னிடமே விளக்கிக்கொள்ள வேண்டியவர் அவர். லொம்பார்டியும் இந்த வகைதான்.

கிறீன் பே பாடம் படித்ததா என்றால் இல்லை. ஸ்டாரை அகற்றிவிட்டு, அதே பொற்கால அணியின் இன்னொரு வீரரான பொறஸ்ட் கிறெக்கைக் கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டுகளில் 25 வெற்றி, 37 தோல்வி. 1992இல் மைக் ஹோம்கிறென் வந்த பின்னரே காற்று மாறியது. அவரும் பல்கலைக்கழக மட்டத்தில் குவாட்டர்பக்காக இருந்து, தொழில்முறை அணியில் இடம் கிடைக்காமல் பாடசாலை ஆசிரியராகப் போனவர்.

ஸ்டாரின் கணக்கு 52 வெற்றி, 76 தோல்வி, 3 சமநிலை. இந்தப் பதவியை ஏற்றது தனது வாழ்வின் மிகப் பெரிய தவறு என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஹட்ல் வியாபாரத்தைக் காரணம் காட்டவில்லை. கழகத்தைக் குறை சொல்லவில்லை. தகுதியில்லாத நிலையில் சம்மதித்தது தானே என்றார். இப்படிச் சொன்ன அரசியல்வாதி ஒருவரை, முப்பது வருடத் தொழிலில் நான் ஒருதடவையும் செவ்வி கண்டதில்லை. ஆனாலும் குற்றம் முழுவதையும் அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதை நான் ஏற்கமாட்டேன். கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், கொடுப்பது மரியாதையா சுமையா என்று பார்த்திருக்க வேண்டும். பதினைந்தாம் இலக்கச் சட்டையை 1973இலேயே எவருக்கும் இனிக் கொடுப்பதில்லை என்று ஒதுக்கிவைத்தார்களே, அது மரியாதை. அதோடு நின்றிருக்கலாம்.

பதவி போனதைவிடப் பெரிய இடி 1988இல் விழுந்தது. போதைப்பொருளில் சிக்கியிருந்த இளைய மகன் 24 வயதில் இறந்துபோனான். உடலைக் கண்டெடுத்தவர் தந்தையே. அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அவரும் மனைவியும் 1965இலேயே, வழி தவறிய சிறுவர்களுக்கான றோஹைட் என்ற இல்லம் விஸ்கொன்சினில் உருவாகத் துணைநின்றார்கள் என்பதையும், இரண்டாவது சுப்பர் போலில் தனக்குப் பரிசாகக் கிடைத்த கொர்வெட் காரை அந்த இல்லத்துக்காகவே சீட்டிழுப்புக்கு விட்டார் என்பதையும் மட்டும் குறிப்பிடுகின்றேன்.

2014 செப்டெம்பரில் பாரிசவாதமும் மாரடைப்பும் அவரைத் தாக்கின. பேசவும் நடக்கவும் மீண்டும் பழக வேண்டியிருந்தது. 2015 நவம்பர் 26ஆம் திகதி, நன்றி தெரிவிக்கும் நாள் இரவு, பிரெட் பாவ்ரின் நான்காம் இலக்கத்தைக் கௌரவிக்கும் நிகழ்வு லம்போ மைதானத்தில் நடந்தது. மழை. அதற்கு வந்துசேர வேண்டும் என்பதையே பல மாதங்களாக இலக்காக வைத்துச் சிகிச்சை பெற்றுவந்த 81 வயதுப் பெரியவர், சிறு வண்டியொன்றில் மைதானத்துக்குள் கொண்டுவரப்பட்டார். பாவ்ர் குனிந்து அவரது கையைப் பிடித்தார். மழையில் நனைந்தபடி அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. 1983 டிசெம்பரில் சிக்காகோவில் ஓடிய கடிகாரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சபித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிச்சயமாக இருந்திருப்பார்கள்.